சாக்கு

முதல் தடவை போனபோது
வலது பெடல் செத்துக் கிடக்கிறது என்றார்கள்.
தங்கச்சிமடத்தில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் கோயில்.
பாடகர் மேடையில்
கறுப்புப் பூச்சு உரிந்த நெட்டைப் பியானோ.
இஞ்ஞாசி மிதித்துக் காட்டினார்.
கால் அடிவரைக்கும் இறங்கியது;
சுரம்தான் நீளவில்லை.
விரலை எடுத்த இடத்தில் அறுந்து விழுந்தது.
"வாளைமீனைத் துண்டு போடுற மாதிரி" என்றார்,
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர்.

முன்பலகையைக் கழற்றினேன்.
தரையெல்லாம் மணல். எத்தனை பெருக்கினாலும் மணல்.
கோதுமைச் சாக்கு ஒன்றை மடித்து, பியானோவின் அடிவயிறுவரை நீட்டி,
குப்புறப் படுத்தேன், டார்ச்சைப் பல்லில் கடித்தபடி.
பெடலைக் கையால் அமுக்கினேன்.
பின்முனை எழுந்தது. நெட்டுக் குச்சி எழுந்தது.
மேலே அறுபத்துச் சொச்சம் டேம்பர்கள்
ஒரே மூச்சில் கம்பிகளை விட்டு விலகின,
பூநாரைக் கூட்டம் தண்ணீரை விட்டுக் கிளம்புகிற சத்தம்.

ஒரு குறையுமில்லை.
ஆணிகளின் துருவைச் சுரண்டினேன்,
தேய்ந்த தோல்துண்டை மாற்றினேன்,
சாக்கை உதறி மடித்தேன், காசு வாங்கினேன்.
பஸ் ராமநாதபுரத்தைத் தாண்டவில்லை,
போன் வந்தது.

இரண்டாம் தடவையும் அப்படியே.
நான் படுத்திருக்கும்வரை பெடல் பேசும்.
எழுந்து பையைக் கட்டினால் ஊமை.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடுகிற கதை.
கச்சான் காற்றைச் சந்தேகப்பட்டேன்,
உப்பைச் சந்தேகப்பட்டேன்,
ஸ்பிரிங்கை, கீலை, குச்சியின் நீளத்தை.
கடைசியில் இஞ்ஞாசியின் காலை.
அவர் செருப்பைக் கழற்றி
மெலிந்த பாதத்தை நீட்டிக் காட்டினார்,
போலீஸ்காரரிடம் காட்டுவதுபோல.

கோயில்பிள்ளை மிக்கேல்பிச்சை
துடைப்பத்தோடு நின்றிருந்தார்.
"கிறிஸ்மஸுக்கு நல்லாத்தானம்மா இருந்துச்சு.
குடிலப் பிரிச்ச பிறகுதான் இப்படி."
நான் காதில் வாங்கவில்லை.
குடிலுக்கும் பெடலுக்கும் என்ன?

அந்த "என்ன?"
பாம்பன் பாலத்தில் பஸ் நின்றபோது
எனக்கே திரும்பி வந்தது.
கீழே வல்லங்கள், இருபக்கமும் இரண்டு நிறத்தில் கடல்,
முன்னே பழுதாகி நிற்கும் மீன்லாரி.
நான் இறங்கி, எதிர்ப்பக்கம் நடந்து, ஆட்டோ பிடித்தேன்.

"குடிலை எங்கே வைத்தீர்கள்?"
"இங்கதான், பியானோவை ஒட்டி.
வைக்கோல் அடியில வரைக்கும் போயிருச்சு,
மூணு கூடை வாரினேன்."

இந்தத் தடவை சாக்கில்லை.
வெறுந்தரையில் கன்னத்தை வைத்தேன், மணல் குத்தியது.
இஞ்ஞாசியை மிதிக்கச் சொன்னேன்.
பெடலை நான் பார்க்கவில்லை,
பெடலைத் தாங்கும் அடிப்பலகையைப் பார்த்தேன்.
மிதித்ததும் பலகையே இறங்கியது,
அரை விரற்கடை.
காலின் பலமெல்லாம் அங்கே போய்விட்டது,
குச்சிவரைக்கும் மிச்சம் ஏதுமில்லை.
நான்கு திருகாணிகளில் மூன்று
விரல் பட்டதும் மூக்குப்பொடியாய் உதிர்ந்தன.

பலகையை மார்கழி முழுக்கத் தாங்கியது வைக்கோல்.
பிறகு இரண்டு பகல்
என் சாக்கின் மடிப்பு.
நோயைத் தேடி வந்தவள்
அதற்கு அண்டைகொடுத்துப் படுத்திருக்கிறேன்.

படகுப் பட்டறையிலிருந்து ஆறு போல்ட் வந்தன,
எஞ்சின் கட்டைக்குப் போடுகிறவை, துருவேறாதவை.
முறுக்கி முடித்தேன்.
இஞ்ஞாசி கீழ்க்கட்டை ஒன்றை அடித்துக்
கையை எடுத்தார். காலை எடுக்கவில்லை.
மூவரும் நின்றோம்.
அது மெலிந்து மெலிந்து போய்
எங்கே அது முடிந்தது,
எங்கே வெளியே ஒரு விசைப்படகு தொடங்கியது,
எனக்குத் தெரியவில்லை.

முன்பு இரண்டு தடவை வாங்கிய காசு நினைவுக்கு வந்தது.
திருப்பித் தரவில்லை; மூன்றாவதைக் கேட்கவுமில்லை.

பையைக் கட்டும்போது
மிக்கேல்பிச்சை சாக்கை நாலாய் மடித்து
பலகைக்கடியில் தள்ளினார்.
தேவையில்லை என்றேன்.
"கிடக்கட்டும்மா" என்றார்.